கியர் சரியாக விழவில்லையா? ஸ்க்ரூவைத் தொடும் முன் கேபிளைப் பாருங்கள்

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை கட்டாயம் வரும்: "ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு, அப்புறம் கியர் செட்டிங் போயிடுச்சு." அதற்குக் கிடைக்கும் யோசனையும் பெரும்பாலும் ஒன்றுதான். பின்னால் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கொஞ்சம் திருப்பிப் பார் என்பார்கள். இந்த யோசனையால் கெட்டுப்போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கேபிள் லேசாகத் தளர்ந்திருக்கிறது என்ற அளவில் இருந்த பழுது, ஸ்க்ரூவைத் திருகித் திருகி, கடைசியில் செயின் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டும் அளவுக்கு வந்து நிற்கும்.

கியர் அமைப்பு வெளியே தெரியும் அளவுக்குச் சிக்கலானது இல்லை. அதில் வழக்கமாகக் கெடுவது சில விஷயங்கள்தான், ஒவ்வொன்றும் கெடும்போது தனக்கென்று ஒரு அடையாளத்தைக் காட்டும். அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட பழுதுகளை வீட்டு வாசலிலேயே, ஒரு கருவியும் இல்லாமல் சரிசெய்யலாம். இங்கே நான் மனதில் வைத்திருப்பது நம் ஊரில் அதிகம் ஓடும் வகை வண்டி: பின்னால் 7 பல்சக்கரம், முன்னால் 3, ஷிமானோ டூர்னி போன்ற ஆரம்பநிலை கியர் செட். விலை கூடின வண்டியிலும் அடிப்படை இதேதான்.

ஒரு பக்கம் கேபிள், மறுபக்கம் ஸ்ப்ரிங்

பின் சக்கரத்தின் வலது பக்கம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், இரண்டு சின்னச் சக்கரங்கள் வைத்த கை போன்ற பாகத்தின் பெயர் டிரெய்லியர். செயினைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றிவிடுவது அதன் வேலை. ஹேண்டில்பாரில் நீங்கள் கிளிக் செய்யும் பாகம் ஷிஃப்டர். இரண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய கம்பி, கடைக்காரர் பாஷையில் இன்னர். அது ஓடும் கறுப்புக் குழாய் அவுட்டர்.

கிணற்றில் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாளி மேலே வரும், அது உங்கள் பலம். கயிற்றை விட்டால் வாளி கீழே போகும், அது வாளியின் சொந்த எடை. நீங்கள் அதைத் தள்ளுவதில்லை, தள்ளவும் முடியாது. டிரெய்லியரும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஷிஃப்டர் கேபிளை இழுக்கும்போது செயின் பெரிய பல்சக்கரத்தை நோக்கி, அதாவது ஸ்போக்ஸ் பக்கம், ஏறுகிறது. ஷிஃப்டர் கேபிளை விடும்போது டிரெய்லியருக்குள் இருக்கும் ஸ்ப்ரிங் அதைச் சின்னப் பல்சக்கரத்துக்கு, வெளிப்பக்கம், இழுத்து வருகிறது.

ராட்டினம் துருப்பிடித்துக் கயிறு சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? மேலே இழுக்கும்போது கொஞ்சம் கனமாகத் தெரியும், ஆனாலும் இழுத்துவிடுவீர்கள். விடும்போதுதான் வாளி பாதியில் தொங்கும். உங்கள் கைக்கு இருக்கும் பலம் வாளியின் எடைக்கு இல்லை. கியரிலும் இதே கதைதான் நடக்கிறது, ஆகவே எந்தத் திசையில் போகும்போது கியர் தயங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

சுருக்கமாக: பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுவது கேபிள், சின்னதற்கு இறக்குவது ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கின் பலம் குறைவு.

ஒரு கிளிக்குக்குள் இருக்கும் கணக்கு

பழைய ரேஸ் சைக்கிள்களில் கிளிக் கிடையாது. ஒரு நெம்புகோலை நகர்த்தி, செயின் சத்தத்தைக் காதில் கேட்டு, சரியாக உட்கார்ந்துவிட்டது என்று ஓட்டுபவரே முடிவுசெய்ய வேண்டும். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் கை தானாக அதை ஈடுகட்டிவிடும். 1984-இல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்த முறை இதை மாற்றியது. ஒரு கிளிக் என்றால் இவ்வளவு கேபிள், அதற்கு ஒரு பல்சக்கரம் என்று கணக்கு ஷிஃப்டருக்குள்ளேயே போய்விட்டது. இன்று நாம் வாங்கும் கிட்டத்தட்ட எல்லாக் கியர் சைக்கிளும் இந்த வழிதான்.

7 கியர் வண்டியில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரு கிளிக்கில் ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர். டிரெய்லியர் அதைச் சுமார் 1.7 மடங்காகப் பெருக்கி நகர்கிறது, பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்த 5 வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, பிழையும் அதே 1.7 மடங்கு பெருகும். கேபிளில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தால் செயின் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் அது பெரிய தூரம். ஷிஃப்டருக்கோ இது எதுவும் தெரியாது, அது எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு அளந்து இழுப்பவர், வாளிப் பக்கம் கயிறு தளர்ந்துவிட்டால் எத்தனை சரியாக எண்ணியும் வாளி ஒரு சாண் கீழேதான் நிற்கும்.

புது வண்டியில் சில வாரங்களிலேயே "செட்டிங் போவது" இதனால்தான். இன்னர் கம்பி நீளுகிறது என்று பலரும் சொல்வார்கள். எஃகுக் கம்பி அவ்வளவு சுலபத்தில் நீளாது. அவுட்டர் துண்டுகளின் முனைகளும் அவற்றின் மூடிகளும் தங்கள் இடத்தில் நன்றாக அழுந்தி உட்காருகின்றன, அந்த அளவுக்குக் கேபிள் தளர்கிறது. இது பழுதே இல்லை, புது வண்டி எல்லாவற்றுக்கும் நடப்பது.

அந்த இரண்டு ஸ்க்ரூ எதற்கு?

டிரெய்லியரில் H, L என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். இவற்றுக்கு எல்லை ஸ்க்ரூ என்று பெயர் வைத்துக்கொள்வோம். H என்பது டிரெய்லியர் வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கான தடுப்பு, அதாவது சின்னப் பல்சக்கரத்தின் பக்கம். L உள்பக்கத் தடுப்பு, பெரிய பல்சக்கரத்தின் பக்கம். அவ்வளவுதான். 2, 3, 4, 5, 6 ஆகிய நடுக் கியர்களில் டிரெய்லியர் இந்த ஸ்க்ரூக்களைத் தொடுவதே இல்லை. அதனால் நாலாவது கியர் சரியாக விழவில்லை என்று எல்லை ஸ்க்ரூவைத் திருப்புவதில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று, இந்த ஸ்க்ரூக்கள் பொதுவாகத் தானாகத் திரும்பிக்கொள்ளாது. கடையில் ஒருமுறை சரியாக வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். போன வாரம் வரை நன்றாக இருந்த வண்டி இன்று மக்கர் செய்தால் சந்தேகப்பட வேண்டிய கடைசி ஆள் இந்த ஸ்க்ரூ.

இவற்றைத் தொட வேண்டிய சந்தர்ப்பங்கள் சிலதான். செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தால் L-ஐக் கடிகாரத் திசையில் கால் சுற்று இறுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஓடும்போது டிரெய்லியர் ஸ்போக்ஸுக்குள் போனால் பின் சக்கரம் நின்றுவிடும், டிரெய்லியரும் ஸ்போக்ஸும் சேர்ந்தே போகும், ஆளும் விழலாம். சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி ஃப்ரேம் பக்கம் விழுந்தால் H-ஐ அதேபோல இறுக்க வேண்டும். கேபிளை எவ்வளவு சரிசெய்தும் கடைசி ஒரு கியர் மட்டும் ஏறவோ இறங்கவோ மறுத்தால், அந்தப் பக்கத்து ஸ்க்ரூ அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். வண்டி விழுந்து அடிபட்ட பிறகு செயின் இப்படித் தாண்டினால் மட்டும் முதலில் கீழே ஹேங்கர், அதாவது டிரெய்லியரை ஃப்ரேமோடு இணைக்கும் துண்டு, பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால், நடுக் கியர்கள் எல்லாம் கேபிளின் பொறுப்பு, இரண்டு ஓரங்கள் மட்டும் ஸ்க்ரூவின் பொறுப்பு.

எந்தப் பக்கம் தயங்குகிறது?

சைக்கிளின் பின் சக்கரம் தரையில் படாமல் இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ கயிறு கட்டி சீட்டைத் தொங்கவிட்டால் போதும். தலைகீழாக நிறுத்தியும் பார்க்கலாம்தான், ஆனால் ஷிஃப்டர் தரையில் அழுந்தும், திசையும் குழம்பும், எனக்குப் பிடிப்பதில்லை. வண்டியின் வலது பக்கம் நின்று, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் கியரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அவசரம் வேண்டாம். ஒரு கிளிக், இரண்டு மூன்று சுற்று, அப்புறம் அடுத்த கிளிக்.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது தயங்குகிறது, அல்லது ஒரு கிளிக் செய்தும் எதுவும் நடக்காமல் இரண்டாவது கிளிக்கில்தான் ஏறுகிறது, ஆனால் இறங்கும்போது சுறுசுறுப்பாக இறங்குகிறது என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. மிகச் சாதாரணம், இரண்டு நிமிட வேலை.

சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கும்போது தயங்கினால் காரணம் இரண்டில் ஒன்று. கேபிள் தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கலாம், அல்லது கேபிள் அவுட்டருக்குள் உராய்ந்து சிக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: கேபிளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். இறங்குவது சரியாகி, ஏறுவதும் கெடாமல் இருந்தால் வேலை முடிந்தது. இறங்குவது சரியானதும் ஏறுவது கெட்டுப்போனால், இரண்டும் ஒத்துப்போகும் ஒரு நிலையே கிடைக்காமல் நீங்கள் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருந்தால், அது உராய்வு. எத்தனை நேரம் அட்ஜஸ்ட் செய்தாலும் தீராது.

சில கியர்களில் நன்றாகவும் சிலவற்றில் கரகரவென்றும் இருந்தால், அதுவும் வண்டி விழுந்த பிறகு தொடங்கியிருந்தால், ஹேங்கர் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஷிஃப்டரோ டிரெய்லியரோ ஒன்றுக்கொன்று பொருந்தாத வேறு செட்டிலிருந்து மாற்றப்பட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

தளர்வைச் சரிசெய்வது

கேபிள் டிரெய்லியருக்குள் நுழையும் இடத்தில் விரலால் சுற்றக்கூடிய ஒரு பிளாஸ்டிக் அல்லது உலோகத் திருகு இருக்கும், பேரல் அட்ஜஸ்டர். சில வண்டிகளில் ஷிஃப்டர் பக்கமும் ஒன்று இருக்கும். அதை வெளியே வரும்படி சுற்றினால் அவுட்டரின் பாதை நீளமாகி இன்னர் இறுகும். உள்ளே போகும்படி சுற்றினால் தளரும். பின்னால் நின்று பார்த்தால், இறுக்குவது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. இதை நினைவில் வைக்க எளிய வழி, திருகின் மேல்பாகம் சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் செயினும் சக்கரத்தை நோக்கி நகரும், வெளியே சுற்றினால் வெளியே நகரும்.

முதலில் ஷிஃப்டரை 7-இல் வையுங்கள், செயின் சின்னப் பல்சக்கரத்தில் இருக்கும். பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரு கிளிக் செய்யுங்கள். செயின் அடுத்ததற்கு ஏறவில்லை என்றால் அட்ஜஸ்டரை அரைச் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். ஏறிவிட்டால் அங்கேயே வைத்து, பெடலை நிறுத்தாமல், அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் செயின் மூன்றாவது பல்சக்கரத்தை லேசாக உரசும் சத்தம் கேட்கும், சீராக இருந்த ஓட்டத்தில் டிக்டிக் என்று. அந்த இடத்தில் நிறுத்தி, சத்தம் அடங்கும் வரை, சுமார் கால் சுற்று, பின்னால் தளர்த்துங்கள். அதுதான் சரியான இடம். பிறகு 7-லிருந்து 1 வரை ஏற்றி, திரும்ப இறக்கிப் பாருங்கள்.

ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், ஆகவே அரை, கால் என்று போனால் போதும். அட்ஜஸ்டர் முழுவதும் வெளியே வந்த பிறகும் தளர்வாகவே இருந்தால், அதை உள்ளே சுற்றி, ஷிஃப்டரை 7-இல் வைத்து, டிரெய்லியரில் இன்னரைப் பிடித்திருக்கும் போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்துங்கள். கம்பியைக் கையால் இழுத்து நேராக்கி மறுபடி இறுக்குங்கள். விரலால் இழுக்கும் பலம் போதும், குறடு போட்டு இழுக்காதீர்கள்.

உராய்வு: பெரும்பாலோர் கவனிக்காத இடம்

ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் சந்தேகப்படுவது இதைத்தான். அதுவும் ஒரே ஒரு இடத்தை. ஃப்ரேமிலிருந்து டிரெய்லியருக்கு வளைந்து போகும் அந்தக் கடைசி அவுட்டர் துண்டு இருக்கிறதே, ஒரு சாண் நீளத்துக்கு, அங்கேதான். பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் நேராக அதில்தான் படுகின்றன. மழைத்தண்ணீர் கம்பி வழியே இறங்கி அந்த வளைவின் அடியில் தேங்குகிறது. கடலோர ஊர்களில் மழை வராவிட்டாலும் உப்புக்காற்றே போதும்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு, போல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. பெடலைச் சுற்றிக்கொண்டே செயினை 1-க்கு, பெரிய பல்சக்கரத்துக்கு, ஏற்றுங்கள். இப்போது பெடலை நிறுத்திவிட்டு, சக்கரம் சுற்றாதபோதே ஷிஃப்டரை மட்டும் 7 வரை விட்டுவிடுங்கள். செயின் நகராது, கேபிள் மட்டும் தொளதொளவென்று ஆகிவிடும். ஃப்ரேமில் அவுட்டர் முனை உட்காரும் இடங்களில் ஒரு பிளவு இருந்தால், அவுட்டரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அதன் வழியே வெளியே எடுத்துவிடலாம். எடுத்ததும் அவுட்டரை இன்னரின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டிருந்தால் மணல் அரைபடுவது போலக் கையில் உணர்வீர்கள், உள்ளே மறைந்திருந்த அந்த நீளத்துக்கு மட்டும் கம்பி பழுப்பேறி, துடைத்தால் துணியில் காவி நிறத்தில் பொடி ஒட்டும்.

லேசான அழுக்கு என்றால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு ஏறியிருந்தாலோ, கம்பியின் இழை ஒன்று பிரிந்து முள்ளாக நின்றாலோ, இன்னரையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். முழு கியர் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, பலன் மட்டும் புது வண்டி போலத் தெரியும்.

வாங்கும்போது கியர் அவுட்டர் என்று கேட்டு வாங்குங்கள். பிரேக் அவுட்டர் வேறு, கியர் அவுட்டர் வேறு. வெட்டுமுகத்தைப் பார்த்தால் தெரியும்: கியர் அவுட்டரில் உள்ளே மெல்லிய எஃகு இழைகள் நீளவாக்கில் சுற்றிலும் அடுக்கியிருக்கும், பொதுவாக 4 மில்லிமீட்டர் தடிமன். பிரேக் அவுட்டர் ஒரே கம்பியை ஸ்ப்ரிங் போலச் சுருட்டியது, 5 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்ப்ரிங் போல இருப்பதால் இழுக்கும்போது அது கொஞ்சம் சுருங்கும். பிரேக்குக்கு அதனால் குறையில்லை, ஆனால் ஒரு கிளிக்குக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத கியர் கணக்கில் அந்தச் சுருக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அவசரத்துக்குக் கையில் இருந்ததைப் போட்டுக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு, அதன்பின் அந்த வண்டியில் கியர் ஒருநாளும் நிற்காது. தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம். சாதாரணக் கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் அது வெடித்துப் பிரேக்கே இல்லாமல் போகலாம்.

வெட்டும்போது குறடால் நசுங்கிய முனையை அரம் போட்டுச் சமமாக்கி, உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் துளையை ஊசியால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டால் புதுக் கேபிளும் முதல் நாளே உராயும்.

சுருக்கம்: அட்ஜஸ்டரில் தீராத தயக்கம், குறிப்பாக இறங்கும் திசையில் வருவது, கேபிளின் உராய்வு. முதலில் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் அந்தக் கடைசி வளைவு.

வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால்

டிரெய்லியரை ஃப்ரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டு ஹேங்கர். அலுமினிய ஃப்ரேம்களில் அது பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடியதாக, வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டிருக்கும். அடிபட்டால் அது வளைந்து ஃப்ரேமைக் காப்பாற்றும். குறைந்த விலை வண்டிகளில் டிரெய்லியரோடு சேர்ந்தே வரும் ஒரு தகடு அச்சில் மாட்டியிருக்கும், அதுவும் வளையும்.

சக்கரத்துக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணை டிரெய்லியர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். டிரெய்லியரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரமும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. வளைந்த ஹேங்கரோடு கேபிளை எப்படி வைத்தாலும் இரண்டு மூன்று கியர்தான் சரியாக வரும், அதைவிட முக்கியம், 1-வது கியரில் டிரெய்லியர் ஸ்போக்ஸுக்கு ஆபத்தான நெருக்கத்தில் இருக்கும். நிமிர்த்துவதற்குத் தனிக் கருவி உண்டு, இதை மட்டும் அது வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். கையால் அழுத்தி நிமிர்த்தினால் ஒரு திசையில் சரியாகி இன்னொன்றில் கோணிவிடும்.

பஸ் மேலேயோ வண்டியிலோ சைக்கிளைப் படுக்கவைத்து ஏற்றும்போது வலப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஹேங்கர் வளைவதற்கு இந்தப் பயணங்களும் ஒரு பெரிய காரணம்.

கியர் பழுது போல வேஷம் போடும் செயின்

கியர் மாற்றாதபோதே, மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் டக்கென்று வழுக்கினால், அதுவும் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஒன்றிரண்டு கியர்களில் மட்டும் என்றால், அது தேய்மானம். எஃகு டேப்பால் அளக்கலாம்: செயினின் ஒரு ஊசியின் நடுவில் தொடங்கி 24 கண்ணிகள் எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினோடு சேர்ந்து பல்லும் தேய்ந்திருக்கும், செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் நிற்காமல் இன்னும் மோசமாக வழுக்கும்.

முன்பக்கம் பற்றி

முன் டிரெய்லியரும் கேபிள், ஸ்ப்ரிங், இரண்டு எல்லை ஸ்க்ரூ என்ற அதே அமைப்புதான், அறிகுறிகளையும் அப்படியே படிக்கலாம். அங்கே வரும் புகாரில் பாதி, முன்னால் பெரியது பின்னாலும் பெரியது, அல்லது இரண்டு பக்கமும் சின்னது என்று வைத்து ஓட்டுவதால் வரும் உரசல் சத்தம். செயின் குறுக்காக ஓடுவதால் அது முன் டிரெய்லியரின் தகட்டில் உரசத்தான் செய்யும். 21 கியர் என்று எழுதியிருந்தாலும் 21-ம் வெவ்வேறு இல்லை. முன்னால் 42-34-24 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை உள்ள வண்டியில் 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5, 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் 1.5, 34-ஐ 22-ஆல் வகுத்தால் 1.55. கால்களுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கனம். ஆகவே பெரியதும் பெரியதும் சேரும்போது வரும் சத்தத்துக்காக எதையும் திருக வேண்டாம். முன்னால் நடுச்சக்கரத்துக்கு மாற்றி, பின்னால் ஒன்றிரண்டு கிளிக் இறக்கினால் அதே வேகம் சத்தமில்லாமல் கிடைக்கும்.